நடுக்குவாதத்திற்கான தகவமைப்பு ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில், மூளையில் டோபமின் சுரக்கும் நரம்புச் செல்கள் படிப்படியாக அழிகின்றன. அசைவுகள் மந்தமாதல், தசை விறைப்பு, ஓய்வு நிலையில் கை நடுங்குதல் ஆகியவை இதன் முதன்மையான அறிகுறிகள். லெவோடோபா மாத்திரை தொடக்க ஆண்டுகளில் நன்கு பயனளிக்கும். பின்னர், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே அதன் பயன் தீர்ந்துவிடுகிறது; மருந்து உச்சத்தில் இருக்கும்போதோ உடல் கட்டுப்பாடின்றி நெளிகிறது. விறைப்புக்கும் நெளிவுக்கும் இடையே நோயாளி ஒரே நாளில் பலமுறை அலைக்கழியும் இந்நிலையில்தான் ஆழ்மூளைத் தூண்டல் குறித்துப் பெரும்பாலும் ஆலோசிக்கப்படுகிறது.

மருத்துவமனைகளில் டி.பி.எஸ். என்று அழைக்கப்படும் இச்சிகிச்சையில், மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய மின்முனைகள் மூளையின் ஆழத்தில் பொருத்தப்படுகின்றன. அவற்றிலிருந்து தோலுக்கடியில் செல்லும் கம்பி, காரை எலும்புக்குக் கீழே வைக்கப்படும் மின்துடிப்புக் கருவியுடன் இணைகிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1987-இல் அலிம் லூயி பெனபிட் குழுவினர் இன்றைய வடிவிலான இச்சிகிச்சையைத் தொடங்கினர்.

வழக்கமான கருவி, நொடிக்கு ஏறத்தாழ 130 துடிப்புகள் என்ற அளவில் ஒரே வலிமையில் இரவும் பகலும் தூண்டுகிறது. நோயோ ஒரே அளவில் இருப்பதில்லை. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் இத்தூண்டலும் சேர்ந்து மிகுதியாகி, நெளிவோ பேச்சுக் குழறலோ தோன்றலாம். மாத்திரையின் பயன் இறங்கும் நேரத்தில் அதே அளவு போதாமல் போகலாம்.

தகவமைப்பு முறை எவ்வாறு வேறுபடுகிறது?

இம்முறையில், தூண்டும் மின்முனையே மூளையின் மின் அலைகளைக் கேட்கவும் செய்கிறது. நடுக்குவாத நோயாளிகளின் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்னும் மூளைப் பகுதியில், நொடிக்கு 13 முதல் 30 வரை அதிரும் பீட்டா அலைகள் மிகுந்து காணப்படும். விறைப்பும் மந்தமும் கூடும்போது இவ்வலைகள் வலுக்கின்றன. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் தணிகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றிக் கருவி மின்தூண்டலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

“இனி எல்லாவற்றையும் கருவியே பார்த்துக்கொள்ளுமா?” என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. இல்லை. தூண்டலின் மேல் வரம்பையும் கீழ் வரம்பையும் மருத்துவரே வகுக்கிறார். அவ்வெல்லைக்குள் மட்டுமே கருவி மாறுகிறது. பொருத்தமான அளவைக் கண்டறியப் பலமுறை மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும். மாத்திரைகளும் தொடரும், பெரும்பாலும் குறைந்த அளவில்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் நடுக்குவாதத்திற்கான இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மிகவும் தொல்லை தந்த அறிகுறி நீடித்த நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆயினும் அதில் பங்கேற்றவர்கள் நால்வர் மட்டுமே என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

யாருக்கு ஏற்றது?

முதலில் தீர்மானிக்க வேண்டியது, ஆழ்மூளைத் தூண்டலே உங்களுக்குப் பொருந்துமா என்பதுதான். தகவமைப்பு முறை வேண்டுமா என்பது அதற்குப் பிறகே. லெவோடோபாவுக்கு நன்கு செவிசாய்க்கும் அறிகுறிகளே தூண்டலுக்கும் செவிசாய்க்கும். நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு. மாத்திரையில் அடங்காத நடுக்கமும் தூண்டலில் அடங்கக்கூடும். மாத்திரை நன்கு வேலை செய்யும் நேரத்திலும் தொடரும் நிலைதடுமாற்றம், மறதி, விழுங்கும் சிரமம் ஆகியவை இதனால் சீராவதில்லை. பேச்சு சிலருக்கு மோசமடையவும் கூடும். முதியவர் இனிப் பழையபடி நடப்பார் என்று நம்பி வரும் குடும்பத்தினருக்கு இதனை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

பீட்டா அலை எல்லோரிடமும் தெளிவாகப் பதிவாவதில்லை. அது மந்தத்தையும் விறைப்பையும் காட்டும் அளவுக்கு நடுக்கத்தைக் காட்டுவதில்லை. இதயத் துடிப்பின் மின் அலையும் சில வேளைகளில் பதிவைக் குழப்பும். இத்தகையோருக்கு வழக்கமான முறையே போதுமானது. அதனைக் குறைவான சிகிச்சை என்று கருத வேண்டியதில்லை. ஏற்கெனவே கருவி பொருத்தப்பட்டவர்கள், மின்கலம் மாற்றும் வேளையில் இது குறித்துக் கேட்கலாம். பழைய மின்முனைகள் புதிய கருவிக்குப் பொருந்துமாயின், மூளையில் மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படாது.

அறுவை சிகிச்சையில் மூளை இரத்தக்கசிவு, கிருமித்தொற்று போன்ற இடர்கள் உண்டு. அவை அரிதானவை என்றாலும், ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் கேட்டறிக.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

மாத்திரை உண்ட நேரம், விறைத்த நேரம், நெளிந்த நேரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கருவியின் பதிவோடு இதனை ஒப்பிட்டே மருத்துவர் அளவைத் திருத்துவார். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்னும், பல் சிகிச்சை உள்ளிட்ட எந்தச் சிகிச்சைக்கு முன்னும் கருவி அட்டையைக் காட்டவும். வலிக்காக அளிக்கப்படும் டயதெர்மி எனும் வெப்ப சிகிச்சையை ஒருபோதும் ஏற்கக்கூடாது. மின்முனை சூடேறி மூளை சேதமடையும்.

மின்கலம் தீர்ந்தோ பழுதாகியோ கருவி திடீரென நின்றால், சில மணி நேரத்திலேயே கடும் விறைப்பு திரும்பலாம். அத்துடன் காய்ச்சலோ மனக்குழப்பமோ காணப்பட்டால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவும். லெவோடோபாவை நீங்களாக நிறுத்த வேண்டாம்.