மொத்தமா, சில்லறையா: நீலகிரிப் படிவங்களை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

பட்டா, சிட்டா பார்க்க இணையத்துக்குப் போகிறவர்களுக்குப் பழகிப்போன திரை அது. மாவட்டம், வட்டம், கிராமம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெட்டிகள் இருக்கும். மாவட்டம் நீலகிரி என்று தேர்ந்தெடுத்தால்தான் வட்டப் பெட்டியில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்ற ஆறு பெயர்களும் வந்து நிற்கும். குந்தாவைத் தொட்டால் குந்தாவின் கிராமங்கள் மட்டும் அடுத்த பெட்டியில் வரும். மேல் பெட்டிக்குக் கட்டுப்பட்ட இந்தக் கீழ்ப் பெட்டியை அமைக்க நிரலாளர்களிடம் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, எல்லாப் பட்டியலையும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுவது. பயனர் வட்டத்தை மாற்றும்போதெல்லாம் பிரவுசரே தன்னிடம் உள்ளதை வடிகட்டிக் கிராமங்களைக் காட்டும். இரண்டாவது வழி, வெறும் பெட்டிகளை மட்டும் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு தேர்வின்போதும் சர்வரிடம் கேட்டு வாங்கி நிரப்புவது. கடைவீதிக் கணக்கில் சொன்னால் முன்னது மொத்தக் கொள்முதல், பின்னது சில்லறை. இந்தக் கட்டுரையில் அந்தப் பெயர்களையே வைத்துக்கொள்வோம்.

வரலாற்றிலும் மொத்த முறைதான் மூத்தது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய பிறகு, பக்கத்தை மறுபடி ஏற்றாமலே ஒரு பெட்டியைப் பார்த்து இன்னொன்றை மாற்ற முடிந்தது. பக்கம் அப்படியே இருக்க, பின்னணியில் சர்வரிடம் கேட்டு வாங்கும் வசதி 1999இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 வழியாக வந்தது. 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் அதற்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்ததும் சில்லறை முறை உலகெங்கும் பரவியது. இன்று பெரும்பாலான நிரலாளர்களின் கை யோசிக்காமலே சில்லறைப் பக்கம்தான் போகிறது. அது எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று பார்க்க நீலகிரி நல்ல களம். இங்கே பட்டியல் சிறியது, சிக்னல் நம்பத்தகாதது.

எடை

முதலில் அளவைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், 16,000க்கு மேற்பட்ட வருவாய்க் கிராமங்கள். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் 'மேலூர்' உள்ளே ஆறு குறியீடுகள், அதாவது 18 பைட். சராசரியாகப் பெயரும் குறியெண்ணும் சேர்ந்து 50 பைட் என்று வைத்தால், மாநிலம் முழுவதற்கும் சுமார் 8 லட்சம் பைட் ஆகும். சுருக்கி அனுப்பினால் கணிசமாகக் குறையும் என்றாலும், ஒரே ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுக்க வந்தவர் மாநிலத்தையே சுமக்க வேண்டியிருக்கிறது. விலை குறைந்த கைபேசி அதைப் பிரித்து அடுக்கவே திணறும். இந்த இடத்தில் சில்லறைதான் வெல்கிறது.

நீலகிரியை மட்டும் எடுத்தால் கணக்கு தலைகீழாகிறது. மாவட்டத்தின் வருவாய்க் கிராமங்கள் நூறைத் தாண்டாது. அதே 50 பைட் வீதம் போட்டாலும் 5,000 பைட்டுக்குள் அடங்கிவிடும். பக்கத்தின் தலைப்பில் இருக்கும் சின்னமே இதைவிடப் பெரிய கோப்பாக இருக்கக்கூடும். இவ்வளவு சிறிய பட்டியலுக்காக மூன்று முறை சர்வருக்குப் போய்வருவது வீண்.

சிக்னல்

மலையில் ஒரு மேடு மறைத்தால் சிக்னல் போய்விடும். குன்னூர் பேருந்து நிலையத்தில் நன்றாக ஓடும் படிவம், மஞ்சூரைத் தாண்டிக் கின்னக்கொரை பக்கம் போனால் பாதியில் நின்றுவிடலாம். மொத்த முறையில் காத்திருப்பு ஒரே தடவைதான். பக்கம் வந்துவிட்டால் பிறகு சிக்னல் போனாலும் பெட்டிகள் மாறிக்கொண்டே இருக்கும், சமர்ப்பிக்கும்போது மட்டும் மறுபடி இணைப்பு வேண்டும். சில்லறை முறையில் ஒவ்வொரு படியும் ஒரு காத்திருப்பு. கேட்டது வராமல் போனால் பெட்டி காலியாகவே நிற்கும். கிராமமே பட்டியலில் இல்லையோ என்று பயனர் நினைத்துக்கொள்வார்.

தாமதத்தால் வரும் இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. ஒருவர் குன்னூரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தவறு என்று உடனே கோத்தகிரிக்கு மாற்றுகிறார். கோத்தகிரியின் பதில் முதலில் வந்து, குன்னூரின் பதில் பிந்தி வந்தால், மேலே கோத்தகிரி என்றும் கீழே குன்னூர்க் கிராமங்கள் என்றும் திரை காட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் வரிசை எண் கொடுத்து, கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் ஏற்றுக்கொண்டால் இது தீரும். புதிய தேர்வு வந்ததும் பழைய கேள்வியை ரத்து செய்யும் வசதியும் இன்றைய பிரவுசர்களில் உண்டு. மொத்த முறைக்கு இந்தத் தொல்லை அறவே இல்லை.

மாற்றம்

ஆனால் பட்டியல்கள் நிலையானவை அல்ல. 2019இல் ஐந்து புதிய மாவட்டங்கள் பிறந்தன. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமானது. அதுவரை நாகப்பட்டினத்தின்கீழ் தேடிய சீர்காழிக்காரர் மறுநாள் மயிலாடுதுறையின்கீழ் தேட வேண்டும். சில்லறை முறையில் சர்வரில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். மொத்த முறையில் பட்டியல் பக்கத்துக்குள்ளேயே புதைந்திருந்தால் ஒவ்வொரு படிவத்தையும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகல் சில நாள் தலைகாட்டவும் கூடும்.

மாற்றத்தின் வேகமே சில இடங்களில் முடிவைச் சொல்லிவிடுகிறது. பட்டா படிவத்தில் கிராமத்துக்கு அடுத்து வருவது புல எண், அதன்பின் உட்பிரிவு. நிலம் கைமாற, பாகம் பிரிய, உட்பிரிவுகள் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை முன்கூட்டியே அனுப்பி வைப்பது பயனற்றது. அந்தந்த நேரத்தில் கேட்டு வாங்குவதே சரி.

எதிர்முனையில் நிற்பவை அரிதாக மாறும் சிறு பட்டியல்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, இ-பாஸ் கட்டாயமானது. அதில் உள்நாட்டவர் கைபேசி எண்ணாலும் வெளிநாட்டவர் மின்னஞ்சலாலும் பதிவு செய்கிறார்கள். இரண்டே கிளைகள் கொண்ட இந்தத் தேர்வுக்கு சர்வரைக் கூப்பிட வேண்டியதில்லை. தேயிலையும் அப்படித்தான். சிடிசி, ஆர்த்தடாக்ஸ் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய தரங்கள் அடுத்த பெட்டியில் வர வேண்டும். எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. போன்ற டஸ்ட் தரங்கள் உட்பட எல்லாவற்றையும் பக்கத்திலேயே வைத்துவிடலாம்.

உறவு

இரண்டு முறைக்கும் பொதுவான ஆபத்து, பெயரை அடையாளமாக நம்புவது. பி.ஓ.பி. என்ற தரம் சிடிசியிலும் உண்டு, ஆர்த்தடாக்ஸிலும் உண்டு. குன்னூர் ஒன்றியத்தில் மேலூர் என்று ஓர் ஊராட்சி இருக்கிறது, மதுரை மாவட்டத்தில் மேலூர் ஒரு வட்டமே. எனவே பெட்டியில் தெரிவது பெயராக இருந்தாலும், அனுப்பப்படுவது குறியெண்ணாக இருக்க வேண்டும். மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத்திரட்டு மாவட்டம் முதல் கிராமம் வரை தனித்தனிக் குறியெண் தருகிறது. அதை விட்டுவிட்டு ஒவ்வொரு துறையும் சொந்த எண் போடுவது வேலையைப் பெருக்கும்.

அடுத்தது, எந்தப் பெட்டிக்கு எது தாய் என்பது. வருவாய்த் துறைக்கு நீலகிரியில் ஆறு வட்டங்கள், ஊரக வளர்ச்சித் துறைக்கு நான்கே ஒன்றியங்கள். மேல்குந்தா வருவாய்க் கணக்கில் குந்தா வட்டம், ஒன்றியக் கணக்கில் உதகமண்டலம். சேரங்கோடு பந்தலூர் வட்டத்தில் இருக்கிறது, ஒன்றியமோ கூடலூர். வட்டத்தின்கீழ் ஊராட்சிகளைக் கோத்த படிவம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் தவறான படிவமே.

சில பட்டியல்களுக்குத் தாய்ப் பெட்டி இரண்டு. தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் குறும்பர் பற்றிய பதிவு 'நீலகிரி மாவட்டத்தில்' என்ற வரையறையோடு இருக்கிறது. ஆகவே சாதிச் சான்றிதழ்ப் படிவத்தில் வகுப்பை மட்டும் பார்த்து உட்பிரிவுகளைக் காட்டினால் போதாது, மாவட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தப் பட்டியலும் மாறுவதுதான். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைச் சேர்த்த சட்டத் திருத்தத்துக்கு 2023 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது.

மேல் பெட்டியை மாற்றியதும் கீழே முன்பு தேர்ந்தது அழிய வேண்டும் என்பதும் இரு முறைக்கும் பொது விதி. கூடலூருக்கு மாற்றிய பிறகும் பழைய குன்னூர்க் கிராமம் உள்ளே ஒளிந்திருந்தால் விண்ணப்பம் தவறான மேசைக்குப் போகும். எனவே சமர்ப்பித்த பின், இந்தக் கிராமம் இந்த வட்டத்தைச் சேர்ந்ததுதானா என்று சர்வர் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும். பிரவுசரில் செய்யும் வடிகட்டல் பயனரின் வசதிக்கு, சர்வரில் செய்யும் சரிபார்ப்புதான் காவல்.

தீர்ப்பு

மலை மாவட்டத்துக்கு முழு மொத்தமும் வேண்டாம், முழுச் சில்லறையும் வேண்டாம். மாநில அளவிலான படிவத்தில் மாவட்டங்களின் பெயர்கள் பக்கத்தோடு வரட்டும். பயனர் நீலகிரியைத் தேர்ந்ததும் ஒரே ஒரு முறை சர்வரிடம் கேட்டு, ஆறு வட்டங்களையும் அவற்றின் கிராமங்களையும் சேர்த்து வாங்கிவிடலாம். அதன்பின் வட்டத்தை எத்தனை முறை மாற்றினாலும் சிக்னல் தேவைப்படாது. பட்டியல் சர்வரில் ஓரிடத்தில்தான் இருக்கும் என்பதால் திருத்துவதும் எளிது. உட்பிரிவு போல அடிக்கடி மாறுவதை மட்டும் சில்லறையாகக் கேட்கலாம். இ-பாஸின் இரு கிளைகளும் தேயிலைத் தரங்களும் மொத்தமாகவே பக்கத்தில் இருக்கட்டும்.

படிவம் எழுதும் நிரலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் நிரலாளர் கருவிகளில் இணைய வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. சென்னை அலுவலகத்தின் அதிவேக இணைப்பில் சோதித்ததோடு நிறுத்தாமல், அந்த வேகத்தைக் குறைத்து, நடுவே இணைப்பைத் துண்டித்தும் ஒருமுறை உங்கள் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். பதில் வராதபோது காலிப் பெட்டியைக் காட்டாமல், 'மீண்டும் முயல்க' என்று ஒரு பொத்தான் வையுங்கள். கோத்தகிரியின் சிறு தேயிலை விவசாயி பட்டாவுக்காக மறுபடி ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு வருவதை அதுவே தவிர்க்கும்.