விண்ணொலி கேட்கும் செவிகள்

கட்கியில் வாழும் நம்மவர் பலர் கணேஷ்கிண்டுப் பக்கமாக நாள்தோறும் சென்று வருகின்றோம். அங்கே பல்கலைக்கழக வளாகத்தினுள் அமைந்துள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் வரலாற்றில் தமிழரின் பங்கும் உண்டென்பதைச் சிலரே அறிவர்.

1952-இல் சிட்னி மாநாடொன்றுக்குச் சென்று திரும்பிய அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்புப் பகுதியில் பிறந்த நம் தமிழர், இப்புதுத் துறையைப் பற்றித் தில்லியில் கோவிந்த் சுவரூப் என்னும் இளைஞரிடம் எடுத்துரைத்தார். மறு ஆண்டே சுவரூப்பும், கோடைக்கானல் வானாய்வகத்தைச் சேர்ந்த பார்த்தசாரதியும் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்றனர். ஆங்கே ஆறடி அகலமுள்ள 32 கிண்ண அலைவாங்கிகள் 21 செ.மீ. அலையில் கதிரவனை ஆய்ந்துவந்தன. இருவரும் அவற்றை 60 செ.மீ. அலைக்கு மாற்றியமைத்தனர். கழித்துவிடப்பட இருந்த அக்கிண்ணங்களைச் சுவரூப் இந்தியாவுக்கெனக் கேட்டுப் பெற்றார். கொடுக்க மனமிருந்தும் கப்பற்கூலிக்கு வழியின்றிக் காலம் கழிந்தது! 1965-இல்தான் அவை கல்யாணில் நிறுவப்பட்டுக் கதிரவனை நோக்கின.

அடுத்தது உதகை. 1970-இல் முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள தொலைநோக்கி எழுந்தது. மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்து அட்சரேகையாகிய 11 பாகைக்கு ஒத்திருந்ததே அதன் சிறப்பு. புவி சுழலும் வேகத்துக்கு ஏற்ப, ஒரே அச்சில் திரும்பியே அது ஒரு விண்பொருளைத் தொடர இயலும்.

பின்னர் நாராயண்காவை அடுத்த கோடத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் எழுந்தன. 2001-இல் அவை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. அவற்றின் ஏற்பிகளைச் சோதிப்பதில்தான் பெருஞ்சிக்கல். வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்புங்கால், இரு நிலையங்களுக்கிடையே 'உஸ்' என்றோர் இரைச்சல் கேட்குமன்றோ? விண்மீன் திரள்கள் அனுப்புவதும் அத்தகைய இரைச்சலே; ஏற்பி தானாக எழுப்புவதும் அதுவே. பின்னது மிகுந்தால் முன்னது மூழ்கிவிடும். ஆகவே, அளவறிந்த இரைச்சலைச் செலுத்தி ஒவ்வோர் ஏற்பியின் திறனையும் கணிக்கின்றனர். மேலும், ஓர் ஏற்பியின் சொந்த இரைச்சல் மற்றதனுடன் ஒவ்வாது. விண்ணிலிருந்து வருவதோ எல்லாவற்றிலும் பொதுவாய் ஒலிக்கும். இரண்டிரண்டாய்ப் பெருக்கி ஒப்பிட்டே உண்மையைப் பிரித்தெடுக்கின்றனர்.

1420 மெகாஹெர்ட்ஸ் ஏற்பிகளைப் பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகம் ஆக்கித் தந்தது. பிற்காலத்தில் அகன்ற அலைப்பட்டைகளைக் கேட்கும் புதிய ஏற்பிகள் பொருத்தப்பட்டன. சுவரூப் 2020 செப்டம்பரில் நம் புனே நகரிலேயே மறைந்தார்.