எலிசபெத் அரசியின் சமய சமரசம்

முதலாம் எலிசபெத் அரசியைச் சமயப்பொறையின் திருவுருவாகக் காட்டும் வழக்கம் வரலாற்று நூல்களிலே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. அதனை முற்றாக மறுத்தல் நம் நோக்கமன்று. 1558 இல், தமது 25ஆம் வயதில், அவர் இங்கிலாந்தின் அரசுரிமை பெற்றபோது, அவருடைய தமக்கை மேரியின் ஆட்சி நான்கு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 280 புரட்டஸ்தாந்தியரை எரித்துக் கொன்றிருந்தது. அந்தப் புகை அடங்குமுன்னரே 1559ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிறந்தன.

அச்சட்டங்களோடு வந்த பொது வழிபாட்டு நூலிலே ஊன்றி நோக்கத்தக்க ஓரிடம் உண்டு. நற்கருணை வழங்கும்போது குருவானவர் யாது கூறல் வேண்டும்? அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலெனவே கொள்ள இடந்தருவது 1549ஆம் ஆண்டு வாசகம். அதனை நினைவுகூரலாக மாத்திரம் காட்டுவது 1552ஆம் ஆண்டு வாசகம். இவ்வேறுபாட்டின் பொருட்டே மனிதர் எரிக்கப்பட்டனர். எலிசபெத்தின் நூலோ இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது! முழந்தாளிட்டவர் தமக்குகந்த பாதியை மனத்திற் கொண்டு எழுந்து செல்லலாம். வெறுந் தந்திரம் என்பாரும் உளர். தந்திரமேயாயினும் நெருப்பினும் அது மேலன்றோ?

ஆயினும் இச்சமரசம் அரசியின் உள்ளத்திலிருந்து மட்டும் ஊற்றெடுத்ததன்று. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்துப் பறித்த நிலங்களிற் பெரும்பகுதி, பிரபுக்கள் கைக்கும் செல்வக் குடியினர் கைக்கும் மாறிவிட்டது. கத்தோலிக்க மேரியாற்கூட அவற்றை மீட்க இயலவில்லை. நிலமுடையோர்க்கும் கம்பளித்துணி வணிகர்க்கும் வேண்டியிருந்தது உள்நாட்டமைதி. 1562 முதல் பிரான்சு சமயப் போரிற் சிதைந்துகொண்டிருக்க, இங்கிலாந்து கப்பலும் வணிகமும் பெருக்கியது. 1588 இல் ஸ்பெயினின் பெருங்கடற்படையை எதிர்த்து நின்றது. 1600 இல் கிழக்கிந்தியக் கம்பனிக்குப் பட்டயம் வழங்கியது. அக்கம்பனியை அறியாதார் நம்மிடையே இலர்.

இவ்வமைதியின் விலையைக் கொடுத்தவர் யாவர்? ஞாயிறுதோறும் அரச திருச்சபைக்குச் செல்லாதார்க்கு 1559 இல் 12 பென்ஸ் தண்டம் விதிக்கப்பட்டது. அப்பணம் ஏழைகளுக்கே எனச் சட்டம் கூறிற்று. ஏழையிடமும் வாங்கி ஏழைக்கு ஈதல்! 1570 இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ், அரசிக்குக் கீழ்ப்படிய வேண்டாமெனக் குடிகளைப் பணித்தபின் கெடுபிடி முற்றிற்று. 1581 இல் தண்டம் மாதம் 20 பவுணாயிற்று. பெருநிலக்கிழாரே அதனைச் செலுத்தித் தம் நம்பிக்கையைக் காத்துக்கொள்ள முடிந்தது. யோர்க் நகரத்து இறைச்சி வணிகர் ஒருவரின் மனைவி மார்கரெட் கிளிதரோ, கத்தோலிக்கக் குருமார்க்குப் புகலிடம் அளித்ததாக 1586 இல் குற்றஞ்சாட்டப்பட்டார். மன்றிலே மறுமொழி கூற அவர் மறுத்தார். உடல்மீது பாரமேற்றி நசுக்கிக் கொன்றனர். புரட்டஸ்தாந்தியரும் தப்பவில்லை. 1593 இல் ஹென்றி பாரோ, ஜோன் கிரீன்வுட் என்னும் இருவர் தூக்கிலிடப்பட்டனர். அரச திருச்சபையை மறுத்து நூல் எழுதியதே அவர்கள் மீதான குற்றம்.