வலி என்னும் காவலன்

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்குச் சென்று வெறுங்காலுடன் மலைப்படி ஏறும் ஒருவரின் பாதத்தில் முள் தைத்தால் என்ன செய்வார்? உடனே நின்று பிடுங்கி எறிவார். அவரை நிறுத்துவது வலி. அந்த வலியே தெரியாவிட்டால்?

இக்கேள்விக்கு விடை கிடைத்த இடம் வேலூர். 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதப் புண்களை ஆராய்ந்தார். சதை தானாக அழுகுவதில்லை. உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடம் மீண்டும் மீண்டும் அழுந்துவதாலும், காயத்தோடு நடப்பதாலுமே புண் உண்டாகிறது என்று கண்டார். அழுத்தத்தைக் குறைக்க மென்மையான ரப்பர்ச் செருப்புகளைப் பயன்படுத்தினார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், இதே பாடத்தை நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருத்திக் காட்டினார்.

இரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கிறது, உணர்ச்சி குன்றுகிறது. இரத்தக் குழாய்கள் அடைபட்டால் புண் எளிதில் ஆறாது. காலாணி, வளைந்த விரல், இறுக்கமான செருப்பு, புகைப்பழக்கம், முன்பு வந்து ஆறிய புண் ஆகியவை ஆபத்தை மிகுவிக்கும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி உண்டா என்று மருத்துவர் சோதிப்பார்.

உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருக்கிறாரா? நாள்தோறும் அவருடைய உள்ளங்கால்களைப் பாருங்கள். வலி செய்யத் தவறிய காவலை உங்கள் கண்கள் செய்யட்டும்.