டர்ன்டேபிள் வாங்கலாமா? – அரக்குத் தட்டுல இருந்து வினைல் வரைக்கும்

"பட்ஜெட்ல ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கணும், எது நல்லது?"னு கேட்டா, பொதுவா ஒரு மாடல் நம்பரும் ஒரு விலையும் பதிலா கிடைக்கும். அந்த பதில் சரியா தப்பாங்கறது உங்ககிட்ட இருக்கற தட்டு எந்த காலத்து தட்டுங்கறதைப் பொறுத்தது. அதனால இந்த பதிவுல முதல்ல வரலாறு, அப்புறம் தான் ஷாப்பிங். அவசரக்காரங்க நேரா கடைசிக்கு தாவிடலாம். ஆனா மேட்டரே நடுவுல தான் இருக்கு, சொல்லிட்டேன்.

எனக்கு ஏன் இந்த வேலைன்னா, மணவூர்ல எங்க பெரியப்பா ஒரு காலத்துல மைக் செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கு வழியில போடற தண்ணிப் பந்தல், எல்லாத்துக்கும் அவர் செட் தான். அவர்கிட்ட ரெண்டு தகரப் பெட்டி நிறைய தட்டு இருக்கு. "டேய், நீ தான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, இதெல்லாம் ஓட வைக்க ஒரு மிஷின் பாரு"ன்னுட்டார். (பொட்டி தட்டுறவனுக்கு உலகத்துல எல்லா மிஷினும் தெரியும்னு நம்பற தலைமுறை.) பெட்டியைக் கொட்டிப் பார்த்தா மூணு ஜாதி தட்டு இருந்தது. கனமா, கீழே போட்டா கண்ணாடி மாதிரி உடையற 78. சின்ன சைஸ் 45, அதாவது இபி. பெரிய சைஸ் எல்பி. மூணும் வட்டம், மூணும் கறுப்பு. ஆனா மூணுக்கும் ஒரே ஊசி கிடையாது. இங்க தான் சிக்கலே.

அரக்கு காலம்

எடிசன் 1877ல கண்டுபிடிச்சது உருளை. தட்டையான தட்டைக் கொண்டு வந்தவர் எமில் பெர்லினர், 1887ல. 1902ல லண்டன் கிராமபோன் கம்பெனியோட ஆளு ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் பாடினதைப் பதிவு பண்ணார். பாட்டு முடிஞ்சதும் அந்தம்மா இங்கிலீஷ்ல தன் பேரைச் சொல்லுவாங்க. பந்தா இல்லீங்க, தட்டு அச்சடிச்சது ஜெர்மனியில ஹனோவர்ல. அங்க இருக்கறவனுக்கு யார் பாட்டுன்னு தெரியணுமே, அதுக்காக. பிறகு 1908ல கல்கத்தா சீல்டாவிலேயே தட்டு அச்சடிக்கற ஃபாக்டரி வந்துடுச்சு.

தெற்குப் பக்கமும் கெய்ஸ்பெர்குக்கு அடுத்த சில வருஷத்துலயே பதிவு நடந்தது. இங்கயும் முதல்ல துணிஞ்சு பாடினவங்கள்ல பெண்கள் தான் அதிகம். சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி மாதிரி தேவதாசி மரபுல வந்தவங்க. பெரிய வித்வான்கள் பலர், குரல் போயிடும்னும் கௌரவம் போயிடும்னும் ஒதுங்கி நின்னாங்க. கோயமுத்தூர் தாயியோட பாட்டு ஃபிரான்ஸ் வரைக்கும் போச்சு. மோரிஸ் தெலாஜ்ங்கற ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் அதைக் கேட்டு மயங்கி, 1910களோட தொடக்கத்துல 'ராகமாலிகா'ன்னே பேர் வெச்சு ஒரு பாட்டு எழுதினார். கோயமுத்தூர் எங்கே, பாரிஸ் எங்கே!

இந்த 78 தட்டுகளுக்கு மூலப்பொருள் அரக்கு. ஆமாங்க, பாண்டவர்களை உள்ளே வெச்சு கொளுத்தப் பார்த்தாங்களே, அந்த மாளிகை கட்டின அதே அரக்கு. சோட்டா நாக்பூர் பக்கத்து மரங்கள்ல ஒரு சின்ன பூச்சி சுரக்கற பிசின். உலகம் முழுக்க தட்டு அச்சடிக்க அரக்கு பெரும்பாலும் இந்தியாவுல இருந்து தான் போச்சு. பூச்சி நம்மளுது, பாட்டு நம்மளுது, லாபம் லண்டனுக்கு!

அரக்கோட கல் பொடியும் கலப்பாங்க. கிராமபோனோட இரும்பு ஊசி பள்ளத்துல ஓடும்போது, அந்தப் பொடி ஊசியைத் தேய்ச்சு பள்ளத்தோட வடிவத்துக்கு கொண்டு வரணும். அதாவது தட்டு தேயக் கூடாது, ஊசி தேயணும். அதனால தான் ஒரு பக்கம் ஓடி முடிஞ்சதும் ஊசியை மாத்தணும்னு சொன்னாங்க. நம்ம ஆளுங்க எங்க மாத்துறது? ஒரே ஊசியில ஊரையே ஓட்டினோம். பழைய 78 பலதும் கரகரன்னு கேக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

10 இன்ச் தட்டுல ஒரு பக்கத்துக்கு சுமார் 3 நிமிஷம் தான் இடம். அரை மணி நேரம் ராகம் பாடறவங்களும் மூணு நிமிஷத்துக்குள்ள ஆலாபனை, கீர்த்தனை எல்லாத்தையும் அடக்கினாங்க. 1925 வரைக்கும் மைக்கும் கிடையாது, ஒரு கூம்புக்குள்ள உரக்கப் பாடணும். மின்சார ரெக்கார்டிங் வந்த பிறகு தான் மெல்லிய குரலுக்கும் வழி கிடைச்சது. எம்.எஸ். சுப்புலட்சுமி தன் முதல் தட்டைக் கொடுத்தது 1926ல, 10 வயசு பொண்ணா இருக்கும்போது.

காபி கிளப்புல கச்சேரி

1930கள் தான் தமிழ்நாட்டுல தட்டுக்குப் பொற்காலம். ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி கூட்டாளிகளோட சேர்ந்து மெட்ராஸ்ல சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி, ஜெர்மன் ஓடியன் கம்பெனியோட சேர்ந்து தட்டு வெளியிட்டார். நாடகப் பாட்டு, பக்திப் பாட்டு, தேசியப் பாட்டு எல்லாம் தட்டா வந்தது. அந்தப் பணமும் அனுபவமும் தான் 1935ல 'அல்லி அர்ஜுனா' எடுக்கற தைரியத்தைக் கொடுத்திருக்கும்.

சபாவுக்கு டிக்கெட் வாங்க முடியாதவன், வாங்கினாலும் உள்ளே விடாத ஜாதியில பொறந்தவன், காபி கிளப் வாசல்ல நின்னு அதே பாட்டைக் கேட்டான். எனக்கு கிராமபோன் வரலாறுல ரொம்ப பிடிச்ச இடம் இது தான். கச்சேரிக்கு வாசல் இருந்தது, காவல் இருந்தது. தட்டுக்கு ரெண்டும் இல்லை.

எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கங்க. 1933 டிசம்பர்ல, 27 வயசுல போய் சேர்ந்துட்டார். சினிமாவுல ஒரு காட்சியில கூட அவர் கிடையாது. அவர் குரல் நமக்கு மிஞ்சினது அந்த அரக்குத் தட்டுகள் வழியா மட்டும் தான். அப்போ ஒரு தட்டை தப்பான ஊசியில ஓட்டறதை சாதாரண விஷயம்னு எப்படி சொல்றது?

வினைலும் வாடகை செட்டும்

1948ல அமெரிக்காவுல கொலம்பியா கம்பெனி எல்பி கொண்டு வந்தது. நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, ஒரு பக்கம் 20 நிமிஷத்துக்கு மேல. பொருளும் அரக்கு இல்லை, வினைல். அடுத்த வருஷமே ஆர்சிஏ 45ஐ விட்டாங்க. மத்த நாடுகள் பலதுலயும் 78 செத்துப் போச்சு. நம்ம நாட்டுல 60கள்லயும் 78 வந்துட்டே இருந்தது. பீட்டில்ஸ் பாட்டே இந்தியாவுல 78 தட்டா வந்து, இன்னிக்கு வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலையறாங்க. ஏன்னா நம்ம கிராமங்கள்ல பாதிக்கு மேல கரண்ட் இல்லை. சாவி கொடுத்து ஓட்டற கிராமபோனுக்கு 78 தானே வேணும்?

எங்க ஏரியாவுக்கு இன்னொரு விசேஷம். திருத்தணி வட்டாரம் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்து, 1960 ஏப்ரல் 1ல தான் சென்னை மாகாணத்துக்கு வந்தது. கோடு நகர்ந்தாலும் காது நகரலை. பெரியப்பா பெட்டியில டி.எம்.எஸ்., சீர்காழி பக்கத்துலயே கண்டசாலாவும் இருக்கார். எம்.எஸ்.ஸோட 1963 சுப்ரபாதம் எல்பி ரெண்டு இருக்கு. ஒண்ணு ஓட்டறதுக்கு, ஒண்ணு பத்திரத்துக்காம்!

அப்போ வீட்டுக்குன்னா ஹெச்எம்வி ஃபியஸ்டா, பேட்டரியிலயும் ஓடற சின்ன பெட்டி. மைக் செட்டுக்குன்னா கேரார்ட் பிளேயர், அஹுஜா ஆம்ப்ளிஃபயர், மரத்துல கட்டற குழாய் ஸ்பீக்கர். குழாய் ஸ்பீக்கர் நடுத்தர சத்தத்தை மட்டும் ஒரு மைல் தூரம் தூக்கி எறியும். மிருதங்கத்தோட அடிச்சத்தம் எல்லாம் அதுல வராது. நம்ம அப்பா அம்மா தலைமுறை கேட்ட பாதிப் பாட்டு, பேஸ் இல்லாத பாட்டு தான்.

80கள்ல கேசட் வந்து எல்லாத்தையும் சுருட்டிடுச்சு. 85ல மூர் மார்க்கெட் எரிஞ்சப்போ பழைய தட்டு தேடறவங்களுக்கு ஒரு வாசலும் போச்சு. 90களோட தொடக்கத்துல தமிழ்ல புது தட்டு வர்றதே கிட்டத்தட்ட நின்னு போச்சு. ஆனா கதை முடியலை. 2022ல அமெரிக்காவுல வினைல் தட்டு எண்ணிக்கையில சிடியைத் தாண்டி வித்தது. 1987க்கு அப்புறம் அது தான் முதல் தடவை. அந்த அலையில தான் இப்போ ஆன்லைன்ல இத்தனை பிளேயர்.

சரி, எதை வாங்கறது?

1. ஊசி. எல்பி பள்ளத்துக்கான ஊசி முனை சுமார் 18 மைக்ரான். 78 பள்ளத்துக்கு சுமார் 75 மைக்ரான், நாலு மடங்கு. எல்பி ஊசியை 78ல வெச்சா பள்ளத்தோட அடியில உருண்டு வெறும் இரைச்சலைப் பொறுக்கும், முனையும் போகும். 78 ஊசியை எல்பியில வெச்சா தட்டு காலி. அந்த காலத்து பிளேயர்கள்ல ஊசியைத் திருப்பினா இன்னொரு முனை வர்ற மாதிரி வெச்சிருந்தாங்க. இன்னிக்கு வர்ற மலிவு மிஷின்ல '78'னு ஒரு ஸ்விட்ச் மட்டும் இருக்கும், ஊசி ஒண்ணு தான் இருக்கும். ஸ்பீடு மாறினா போதாது.

2. சூட்கேஸ் பிளேயர். பார்க்க அழகு. ஆனா செராமிக் கார்ட்ரிட்ஜ், எடை அதிகம். நல்ல பிளேயர்ல ஊசி சுமார் 2 கிராம்ல உக்காரும், இதுல அதைப் போல ரெண்டு மூணு மடங்கு. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள்ள இருந்து ஊசியை ஆட்டும். பரிசு கொடுக்கலாம், பெரியப்பா தட்டுக்கு வேண்டாம்.

3. ஃபோனோ ப்ரீஆம்ப். பேஸ் சத்தம் பள்ளத்துல அகலமா இடம் பிடிக்கும். அதனால தட்டு வெட்டும்போது பேஸைக் குறைச்சு, ட்ரெபிளைக் கூட்டி வெட்டுவாங்க. இதுக்கு 1954ல ஆர்ஐஏஏன்னு ஒரு பொது விதி வந்தது. கேக்கும்போது அதைத் திருப்பிப் போடற வேலை ப்ரீஆம்புக்கு. அது இல்லாம நேரா ஹோம் தியேட்டர்ல சொருகினா கொசு பாடற மாதிரி கேக்கும். பிளேயருக்குள்ளேயே இது இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

4. கரண்ட். அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க பழைய பிளேயர் கொண்டு வந்தா, 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டா போதும்னு நினைக்காதீங்க. பழைய ஏசி மோட்டார் பலதும் 60 ஹெர்ட்ஸுக்கு செஞ்சது. நம்ம 50 ஹெர்ட்ஸ்ல ஆறுல அஞ்சு பங்கு வேகத்துல தான் சுத்தும். சுசீலாம்மா குரல் சௌந்தரராஜன் பக்கம் நகர்ந்துடும்.

5. மாடல். உங்ககிட்ட எல்பியும் இபியும் மட்டும் இருந்தா ஆடியோ டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் போதும். ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கு, எல்லாம் ஆட்டோமேடிக். ஆனா 78 ஓடாது. 78ம் இருந்தா அதே கம்பெனி ஏடி-எல்பி120எக்ஸ். மூணு ஸ்பீடும் உண்டு, அதோட வர்ற கார்ட்ரிட்ஜுக்கு 78 ஊசியும் தனியா கிடைக்குது, கழட்டி மாட்டிக்கலாம். விலை முதல்ல சொன்னதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல ஆகும்.

எங்க வீட்டுல இதுக்கு ஒரு பட்டிமன்றமே நடந்தது. மலிவு பிளேயரும் நல்ல ஸ்பீக்கரும் வாங்கலாம்னு அப்பா சொன்னார். நான் நேர் எதிர். ஸ்பீக்கர் மட்டமா இருந்தா இன்னிக்கு பாட்டு மட்டமா கேக்கும், அவ்வளவு தான். நாளைக்கு காசு வரும்போது மாத்திக்கலாம். ஊசி மட்டமா இருந்தா தட்டுல இருக்கற பாட்டே போயிடும், எந்த காசும் அதைத் திருப்பிக் கொண்டு வராது. கடைசியில எல்பி120எக்ஸும் 78 ஊசியும் புதுசு, ஸ்பீக்கர் ரிச்சி ஸ்ட்ரீட்ல பேரம் பேசின ஒரு செகண்ட் ஹேண்ட் ஜோடின்னு முடிவாச்சு. ஸ்பீக்கரை பிளேயர் இருக்கற மேஜையிலேயே வைக்காதீங்க, அதிர்வு ஊசிக்குப் போகும். காது உயரத்துல, தனி ஸ்டூல் போதும்.

இன்னும் ரெண்டே விஷயம். தட்டுகளை படுக்க வெச்சு அடுக்காதீங்க, புத்தகம் மாதிரி நிக்க வைங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு கீழே இருக்கற பரண் ஆகவே ஆகாது. அப்புறம், 78ஐ ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே துடைக்காதீங்க. மர வேலை செய்யற ஆசாரி பாலிஷுக்கு அரக்கை எதுல கரைக்கிறார்? ஸ்பிரிட்ல தான். நீங்க துடைக்கறது தூசியை இல்லை, பாட்டை. துளி சோப்பு கலந்த தண்ணி, மெல்லிய துணி, பள்ளம் போற திசையில. லேபிள் நனையாம பார்த்துக்கங்க.

வீட்டுல பழைய தட்டு இருந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி லேபிளையாவது ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

டிஸ்கி: மேல சொன்ன எந்த கம்பெனியும் எனக்கு பத்து பைசா தரலை. தந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன், இன்னும் ஸ்பீக்கர் மாத்த வேண்டியிருக்கு :)