மருத்துவச்சி, நர்சம்மா, 108: ஏறியது வேலை மட்டுமா?

கே.ஜி.கண்டிகைப் பக்கம் வயதான அம்மாக்களிடம் பேறுகாலம் பற்றிக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே. முதலில் மருத்துவச்சி வருவார், பிறகு நர்சம்மா. டாக்டர் அந்தக் கதையில் வெகு தாமதமாகத்தான் வருவார்.

பேறுகால ரத்தம் தீட்டு என்றார்கள். அதனால் தொப்புள்கொடி அறுக்கும் வேலை நாவிதர் வீட்டுப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. கூலி நெல்லும் பழம்புடவையும். அவரைச் சேரிக்குள் போக ஊர் விடாது. அங்கே கைகொடுத்தவர்கள் நம் பாட்டிகள். உயிர் காத்த அந்த அறிவை யாரும் அறிவு என்று சொல்லவில்லை, ஊழியம் என்றார்கள்.

1946இல் போர் குழு அறிக்கை தந்தபோது 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் நாட்டின் நிலை. எல்.எம்.பி. என்ற குறுகிய மருத்துவப் படிப்பு அப்போது இருந்தது. இனி ஒரே தரத்து டாக்டர்தான் என்றது குழு. ஆள் பஞ்சம் தீரும்வரை அந்தப் படிப்பும் தொடரட்டும் என்று ஆறு உறுப்பினர்கள் மறுத்து எழுதினார்கள். எடுபடவில்லை. தரம் உயர்வதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த உயர்தர டாக்டர் கிராமத்துக்கு வரவில்லையே!

அந்த இடத்தைத் துணைச் செவிலியர்தான் நிரப்பினார். 1973இல் கர்தார் சிங் குழு, மலேரியாவுக்கு ஒருவர், அம்மைத் தடுப்புக்கு ஒருவர் என்றிருந்ததை மாற்றிப் பல்நோக்குப் பணியாளர் என்றாக்கியது. தமிழ்நாட்டில் அவர் கிராம சுகாதார செவிலியர். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, இப்போது பிக்மி கணினிப் பதிவும் அவர் தலையில். அவர் நம் தெருப் பெண்ணாக இருந்துவிட்டால், ஊசி போட்ட கைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தர யோசிக்கும் வீடுகளையும் நாம் அறிவோம்.

2008 செப்டம்பர் 15 அன்று 108 வந்தது. அதுவரை நள்ளிரவில் வலி எடுத்தால் ஊர்க்காரர் வண்டிக்காகக் கைகட்டி நிற்க வேண்டும். ஒரு போன் அழைப்பு அதை மாற்றியது. சிறிய விடுதலை அல்ல இது. வண்டிக்குள் டாக்டர் இல்லை, அவசரகால மருத்துவ உதவியாளர்தான். ஆக்சிஜன் வைப்பதும், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் நடுவழியில் குழந்தையை ஏந்துவதும் அவரே. ஆனால் அது அரசுப் பணியிடம் அல்ல, நிறுவன வேலை. 69 சதவீத இடஒதுக்கீடு அங்கே எட்டாது.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. கொண்டுவரும் பெண்ணுக்குப் பெயர் தன்னார்வலர், பணத்துக்குப் பெயர் ஊக்கத்தொகை. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் அதே ஆண்டுதான். பதிவேடு, பாடத்திட்டம், பதவிப்பெயர் எல்லாம் அதில் உண்டு. சம்பளம்?

லேப் டெக்னீஷியன், நர்சிங், எமர்ஜென்சி கேர் என்று நம் பிள்ளைகள் பலர் இந்தப் படிப்புகளைத் தேடித்தான் போகிறார்கள். நம் மாவட்டத்தில் இவற்றுக்கு நிரந்தரப் பணியிடம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடப் பத்து ரூபாய்தான் கட்டணம்.