ஓஸ்ரின் கேம்பிரிட்ஜும் எம்.ஜி.பி.யும்

எம்.ஜி. என்ற எழுத்துக்களைக் கண்டதும் எமது தலைமுறைத் தமிழர்களின் நினைவுக்கு வருபவர் ஒருவரே. அவருக்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பில்லை. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் இயங்கிய ‘மொறிஸ் கராஜஸ்’ என்ற நிறுவனத்தின் முதலெழுத்துக்களைத் தாங்கிப் பிறந்த இரண்டு இருக்கைக் கார்களைப் பற்றியே எழுதப் போகின்றேன்.

2023ஆம் ஆண்டு கோடையில் லண்டன் சென்றிருந்தபோது, பள்ளித் தோழன் ஒருவன் தன் வீட்டுக் கராஜைத் திறந்து காட்டினான். உள்ளே 1972இல் தயாரான சிவப்பு நிற எம்.ஜி.பி. ஒன்று நின்றது. துணிக்கூரை, இருவர் மட்டுமே வசதியாக அமரலாம். “சனி, ஞாயிறிலை மட்டும்தான் மச்சான் ஓடுறது” என்றான். “ஐம்பது வயசிலை வாங்கின விளையாட்டுச் சாமான்” என்று அவனது மனைவி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்திய ஆண்டுதான் கொழும்பில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றிருந்தேன். வேலைக்குப் போவதற்கே கியூ.ஆர். குறியீட்டுடன் வாராந்த ஒதுக்கீட்டுக்குக் காத்திருந்த நாட்டிலிருந்து வந்தவனுக்கு, ஓடித் திரிவதற்கென்றே ஒரு கார் என்பது மனதை உறுத்தியது. அந்த உறுத்தலே இக்காரின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது.

ஒரு காலத்தில் விளையாட்டுக் கார் செல்வந்தர்களின் சொத்தாகவே இருந்தது. அதனை மாற்றியவர்களுள் முக்கியமானவர் செசில் கிம்பர். வில்லியம் மொறிஸின் விற்பனை நிறுவனமான மொறிஸ் கராஜஸுக்கு 1922இல் பொது முகாமையாளரானவர் அவர். சாதாரண மொறிஸ் கார்களுக்கு அழகிய உடற்கட்டுகளைப் பொருத்தி விற்பதில் தொடங்கினார். 1928இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அவர் அறிமுகப்படுத்திய ‘எம் வகை மிட்ஜெட்’ காரின் அடித்தளமும் 847 சி.சி. எஞ்சினும் அதே ஆண்டு வெளிவந்த மொறிஸ் மைனர் குடும்பக் காரினுடையவை. விலை 175 பவுண். ஏறத்தாழ 3,200 கார்கள் விற்பனையாகின.

குடும்பக் காரின் பாகங்களை எடுத்து, பாரத்தைக் குறைத்து, இரண்டு இருக்கைகளைப் பொருத்துவதே கிம்பரின் சூத்திரம். புதுக்கார் மலிவாகக் கிடைத்தது ஒரு நன்மை. பல ஆண்டுகள் கழித்து அதனை மூன்றாம், நான்காம் கையாக வாங்குபவருக்குக் கிடைத்த நன்மையோ அதனிலும் பெரிது. உதிரிப்பாகம் தெருவோரக் கராஜிலேயே கிடைக்கும். சாதாரண மெக்கானிக்கே பழுது பார்ப்பார். பழைய விளையாட்டுக் கார் சாமானியரின் வார இறுதிப் பொழுதுபோக்கானதன் இரகசியம் இதுதான்.

கிம்பருக்குக் கிடைத்த முடிவு துயரமானது. நிர்வாகத்துடனான முரண்பாட்டில் 1941இல் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். 1945 பெப்ரவரியில் லண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்தில் நிகழ்ந்த ரயில் விபத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டின் இறுதியில் அவரது அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த டி.சி. காரே எம்.ஜி.யை உலகப் புகழ்பெறச் செய்தது. 1949 வரை 10,000 டி.சி. கார்கள் தயாராகின. போரினால் கடனாளியான பிரித்தானியாவுக்கு டொலர் தேவைப்பட்டது. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கே உருக்கு ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவை சுமார் 2,000 மட்டுமே. அவையும் வலதுபக்கச் சுக்கான் கொண்டவை. இருந்தும், பெரிய கார்களில் பழகிய அமெரிக்க இளைஞர்கள் இச்சிறு காருக்கு மயங்கினர்.

1952இல் மொறிஸ் குழுமமும் ஓஸ்ரினும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷன் உருவானது. எங்கள் ஊரின் கதை இக்கதையோடு இணைவதும் இங்கேதான். அந்நிறுவனத்தின் ‘பி’ வரிசை எஞ்சின் 1955இல் எம்.ஜி.ஏ. காரிலும், 1962இல் 1,798 சி.சி. அளவில் எம்.ஜி.பி.யிலும் பொருத்தப்பட்டது. அதே வரிசை எஞ்சின்தான் ஓஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களிலும் ஓடியது. 1958இல் வந்த ஸ்பிறைற் விளையாட்டுக் காரின் 948 சி.சி. எஞ்சினோ எங்கள் ஆசிரியர்களும் மருத்துவர்களும் ஓட்டிய மொறிஸ் மைனருடையது.

யாழ்ப்பாணத்தாருக்கு இக்கார்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓடினோம். ஹயருக்கு ஓடிய கேம்பிரிட்ஜ் கார்கள் கலியாணத்துக்கும் சென்றன, ஆசுப்பத்திரிக்கும் சென்றன. 1990இன் பின் பொருளாதாரத் தடை வந்தபோது சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலத்தையும் அவை கண்டன. நவீன எஞ்சின்கள் அதனைத் தாங்கியிருக்கமாட்டா.

எம்.ஜி.பி.யின் உற்பத்தி 1980 வரை நீடித்தது. ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் தயாராகின. பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் சென்றது. ஆனால் புதிய வடிவமைப்புக்கு முதலீடு செய்யப்படவில்லை. 1979 செப்டெம்பரில் அபிங்டன் தொழிற்சாலையின் ஐம்பதாண்டு நிறைவைத் தொழிலாளர் கொண்டாடி முடித்த கையோடு, எம்.ஜி. உற்பத்தி நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. 1980 ஒக்ரோபரில் கதவுகள் மூடப்பட்டன. எம்.ஜி. என்ற பெயர் பல கைகள் மாறி இன்று சீன நிறுவனம் ஒன்றிடம் இருக்கின்றது.

தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரே பழைய கார்களின் இரண்டாம் வாழ்க்கை தொடங்கியது. எம்.ஜி.பி.யை வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது எஞ்சினை அன்று, துருவை. கூரையில்லாத காரின் உறுதி பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே ஓடும் உலோகப் பகுதிகளிலேயே தங்கியுள்ளது. மழையும், குளிர்காலத்தில் வீதியில் தூவப்படும் உப்பும் அவற்றை உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே பசை பூசி வர்ணம் அடித்து மறைப்பவர்களும் உண்டு. அனுபவசாலிகள் காந்தமொன்றைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்வார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் உலோகம் இல்லை. எஞ்சினைத் திருத்துவது எளிது. துருப்பிடித்த உடலைத் திருத்துவதே செலவு. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிற்றேஜ் நிறுவனம் பழைய அச்சுக்களைக் கொண்டே எம்.ஜி.பி.யின் முழு உடற்கட்டையும் புதிதாகத் தயாரிக்கத் தொடங்கியதும் அக்குறையும் தீர்ந்தது.

மறுவருடமே ஜப்பானின் மஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்-5 காரை அறிமுகப்படுத்தியது. பிரித்தானியரின் எளிய திறந்த காரை, பழுதுபடாத விதத்தில் மீண்டும் தயாரிக்குமாறு 1979இல் அந்நிறுவனத்துக்கு யோசனை கூறிய பொப் ஹோல் ஒரு மோட்டார் பத்திரிகையாளர் என்பதைத் தொழில்முறைப் பெருமையுடன் குறிப்பிடுகின்றேன். 2016இல் அக்காரின் எண்ணிக்கை பத்து இலட்சத்தை எட்டியது. இன்று பழைய விளையாட்டுக் கார் தேடும் பலர் வாங்குவதும் அதனையே.

அப்படியிருக்க, ஐம்பது ஆண்டுகள் பழைமையான எம்.ஜி.பி.யை ஏன் வாங்கினாய் எனத் தோழனிடம் கேட்டேன். ஊர் திரும்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அது. அவன் பதில் கூறாமல் காரின் பொனற்றைத் திறந்தான்.

“இதைப் பார் மச்சான். அப்பாவின்ரை கேம்பிரிட்ஜிலை இருந்த அதே எஞ்சின். கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பிளக் கழட்டுறது, எண்ணெய் மாத்துறது எல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான். அந்தக் காரை வித்துத்தான் 89இலை ஏஜென்சிக்குக் காசு கட்டி என்னை அனுப்பினவர்.”

அவனது தந்தையார் ஹயருக்குக் கார் ஓடியது எனக்குத் தெரியும். அதை விற்றது எதற்காக என்பது அன்றுவரை தெரியாது. வாங்கியவர் அதே ஊர்க்காரர். மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு அந்தக் கார் ஒழுங்கையால் போகும்போது, தந்தையார் வீட்டுக்குள் இருந்தபடியே “எங்கடை கார் போகுது” என்பாராம். 1995 இடப்பெயர்வோடு அந்தக் கார் என்னவாயிற்று என்பது எவருக்கும் தெரியாது. தந்தையாரும் இப்போது இல்லை.

அன்று மாலை என்னை அருகில் ஏற்றிக்கொண்டு கிராமத்து வீதிகளில் ஒரு மணிநேரம் ஓடினான். வேகமாக ஓடவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் எஞ்சின் ஓசைக்குச் சற்றே காது கொடுப்பதைக் கவனித்தேன். பெற்றோலின் விலையை நான் கேட்கவில்லை.